கேளுங்கோ, சொல்லுறன்: ஐடி செக்சன் மெயிலோ, தூண்டில் மெயிலோ?

இந்த முறை வந்த கேள்வியள பிரிச்சுப் பாத்தா முக்காவாசி ஒரே விசயம்தான். ஐடி சப்போர்ட் எண்டு மெயில் வருது, அது உண்மையோ கள்ளமோ எண்டு எப்பிடி பிடிக்கிறது எண்டு. ஏதோ ஒரு கும்பல் எங்கட பக்கம் நல்லா வலை வீசியிருக்கு போல, இல்லாட்டி சம்பளக் கிழமையில எல்லாரும் மெயில் திறந்து பாக்கிற பழக்கத்துக்கு வந்திட்டினமோ தெரியேல்ல. சரி, சமையல் கேள்வியும் நெல்லுக் கேள்வியும் அடுத்த முறை பாப்பம், இந்த முறை முழுக்க இதுதான்.

கேள்வி: அண்ணை, நான் ஒரு அரச கந்தோரில எழுதுவினைஞரா இருக்கிறன். போன கிழமை ‘ஐடி சப்போர்ட்’ எண்ட பேரில ஒரு மெயில். உங்கட மெயில் பெட்டி 98 வீதம் நிரம்பிட்டுது, 24 மணித்தியாலத்துக்குள்ள கீழ இருக்கிற பட்டனை அமத்தி உறுதிப்படுத்தாட்டி எக்கவுண்ட் பூட்டப்படும் எண்டு கிடக்கு. கந்தோர் லோகோவும் இருக்கு, கீழ ‘சிஸ்டம் அட்மின்’ எண்டும் போட்டிருக்கு. பக்கத்து மேசை அக்கா ‘உது உண்மைதான், எனக்கும் வந்தது, நான் பாஸ்வேர்ட் போட்டுட்டன்’ எண்டுறா. எனக்கு மனம் ஒப்பேல்ல. (பேர் வேண்டாம், கிளிநொச்சி)

பதில்: தங்கச்சி, முதல்ல இத வாசிக்கிறத நிப்பாட்டிப்போட்டு அந்த அக்காவிட்ட போய் உடன பாஸ்வேர்ட மாத்தச் சொல்லுங்கோ. மாத்திப்போட்டு வாங்கோ, மிச்சம் பிறகு கதைப்பம்.

இனி உங்கட கேள்வி. மெயிலில தெரியிற பேர் பஸ்ஸில தொங்குற போர்ட் மாதிரி. கிளிநொச்சி எண்டு போர்ட் போட்டா பஸ் கிளிநொச்சிக்குப் போகும் எண்டு இல்ல, கொண்டக்டர் நினைச்சா கழட்டி வேற போர்ட் கொழுவலாம். ‘ஐடி சப்போர்ட்’ எண்டு நானும் என்ட ஜிமெயிலுக்குப் பேர் வைக்கலாம், ரெண்டு நிமிச வேலை. அதால அந்தப் பேரை ஒருக்கா அமத்துங்கோ, போனில எண்டா பேரைத் தொட்டாத்தான் உள்ள இருக்கிற உண்மையான விலாசம் வெளிய வரும். கன பேர் போனில பாக்கேக்க விலாசமே தெரியாம பேரை மட்டும் பாத்து ஏமாறினம்.

விலாசம் வந்திட்டுது. இப்ப அத எப்பிடி வாசிக்கிறது எண்டதுதான் விசயம், இதில படிச்ச ஆக்களும் சறுக்கினம். ‘கண்டி றோட், கிளிநொச்சி’ எண்டு ஒரு கடை விலாசம் இருந்தா கடை கண்டியிலயோ இருக்கு? இல்லத்தானே. கடைசியா இருக்கிற ஊர்தான் கணக்கு. இணைய விலாசமும் அப்பிடித்தான், கடைசியில இருந்து பின்னால வாசிச்சுக்கொண்டு வரவேணும். அரசாங்கத் திணைக்களம் எண்டா ‘ஜிஓவி டொட் எல்கே’ எண்டு முடியும், அந்த முடிவ கண்ட கண்ட ஆக்களுக்குக் குடுக்க மாட்டினம். ஆனா ‘ஜிஓவி டொட் எல்கே டொட் மெயில் ஹெல்ப் டொட் கொம்’ எண்டு ஒரு விலாசம் வந்தா, நடுவில ஜிஓவி டொட் எல்கேயைக் கண்ட உடன மனம் ஆறிப்போகும், அதுதான் கண்டி றோட். உண்மையான ஊர் கடைசியில இருக்கிற ‘மெயில் ஹெல்ப் டொட் கொம்’. அது ஆரின்டையோ. லிங்க் எண்டா முதல் வாற ஒத்தைச் சாய்கோட்டோட (‘/’, தொடக்கத்தில வாற ‘//’ இல்ல) நிப்பாட்டிப்போட்டு அதில இருந்து பின்னால வாசியுங்கோ, சாய்கோட்டுக்கு அங்கால என்ன எழுதியிருந்தாலும் கணக்கில்ல. லிங்கை அமத்தாதேங்கோ, கொம்பியூட்டர் எண்டா மவுசை மேல கொண்டுபோய் வையுங்கோ, போன் எண்டா விரலைக் கொஞ்ச நேரம் அமத்திப் பிடியுங்கோ, போற இடம் தெரியும்.

முந்தி எல்லாரும் சொல்லுறது எழுத்துப்பிழை இருந்தா கள்ள மெயில் எண்டு. எங்கட நாட்டில அது எடுபடாது கண்டியளோ. கொழும்பில இருந்து வாற உண்மையான சுற்றறிக்கையின்ட தமிழைப் பாத்திருக்கிறியளோ? அந்தத் தமிழைப் பாத்து கள்ளம் எண்டு முடிவெடுத்தா அரைவாசி அரச கடிதத்தையும் குப்பையில போடவேண்டி வரும். மற்றப் பக்கம் இப்ப ஏஐ வந்தாப் பிறகு கள்ளன் எங்களவிட நல்ல தமிழ் எழுதுறான். எழுத்துப்பிழை காப்பாத்தின கதையும் இருக்குத்தான், 2016 பெப்ரவரியில பங்களாதேஷ் மத்திய வங்கியின்ட காசை அடிச்சாங்களெல்லோ, அதில 20 மில்லியன் டொலர் எங்கட இலங்கைக்குத்தான் வந்தது, ஒரு அறக்கட்டளையின்ட பேரில. ‘ஃபவுண்டேசன்’ எண்டதை ‘ஃபண்டேசன்’ எண்டு பிழையா எழுதினபடியா இடையில இருந்த வங்கிக்காரருக்குச் சந்தேகம் வந்து கேக்க, காசு நிண்டிட்டுது. பிலிப்பைன்சுக்குப் போன 81 மில்லியனில பெரும்பகுதி போனது போனதுதான். அந்தக் கள்ளர் வங்கிக்குள்ள பூந்ததே வேலை தேடுற ஒரு பொடியன் மாதிரி சுயவிபரக் கோவை அனுப்பின மெயிலாலதான். அது நடந்து கன வருசம், இப்பத்த கள்ளனிட்ட எழுத்துப்பிழையை எதிர்பாத்துக் காத்திருக்க ஏலாது.

நான் எழுத்தைப் பாக்கிறதில்ல, அவசரத்தைத்தான் பாக்கிறனான். 24 மணித்தியாலம், பூட்டப்படும், கடைசி அறிவித்தல். ஏ9இல போற வாகனம் எல்லாம் முறிகண்டியில நிப்பாட்டி ஒரு தேங்காயை உடைச்சு, கச்சானையும் வாங்கிக்கொண்டுதானே போகுது, எவ்வளவு அவசரக்காரனும் இறங்குவான். மெயில் ஓடு ஓடு எண்டு கலைச்சா அப்பிடி ஒருக்கா இறங்குங்கோ. இறங்கி என்ன செய்யிறது எண்டா, மெயில் காட்டுற வழியால போகாம உங்களுக்குத் தெரிஞ்ச வழியால போங்கோ. மெயிலில இருக்கிற பட்டனும் வேண்டாம், மெயிலில இருக்கிற போன் நம்பரும் வேண்டாம். நீங்கள் தினமும் போற மாதிரி மெயிலுக்குள்ள போய் பெட்டி எவ்வளவு நிரம்பியிருக்கு எண்டு செற்றிங்ஸில பாருங்கோ. உங்கட கந்தோர் ஐடி பொடியன் எங்க போயிருப்பான், கன்ரீனில பிளேன்டி குடிச்சுக்கொண்டு நிப்பான், போய் ‘தம்பி இது நீ அனுப்பினதோ’ எண்டு கேளுங்கோ. மெயிலுக்கு ‘றிப்ளை’ போட்டு ‘நீங்கள் உண்மையான ஆளோ’ எண்டு கேக்கிற ஆக்களும் இருக்கினம், கள்ளனிட்டப் போய் நீ கள்ளனோ எண்டு கேட்டா என்ன சொல்லப்போறான்.

கேள்வி: நான் வன்னியில ஒரு கம்பஸில ரெண்டாம் வருசம் படிக்கிறன். எனக்கு வந்த மெயில் எங்கட டிபார்ட்மென்ட் விரிவுரையாளர் ஒருவரின்ட உண்மையான கம்பஸ் விலாசத்தில இருந்தே வந்தது. நீங்கள் சொல்லுற மாதிரி கடைசி எழுத்தெல்லாம் ‘ஏசி டொட் எல்கே’ எண்டு சரியா இருந்தது. கூகிள் ஃபோர்ம் ஒண்டு, ஐடி செக்சன் எக்கவுண்டுகளை அப்டேட் பண்ணுது, யூசர்நேமும் பாஸ்வேர்டும் நிரப்புங்கோ எண்டு. நிரப்பினனான். அண்டு பின்னேரமே என்ட எக்கவுண்டில இருந்து என்ட பட்ச் முழுக்க அதே மெயில் போயிருக்கு. விலாசம் சரியா இருந்தும் எப்பிடி? (ஒரு மாணவன்)

பதில்: தம்பி, உமக்கு நடந்ததுதான் அந்த விரிவுரையாளருக்கும் நடந்திருக்கு. அவர் ஏமாந்தார், அவற்ற எக்கவுண்டுக்குள்ள இருந்து உமக்கு வந்தது, உம்மட எக்கவுண்டுக்குள்ள இருந்து பட்ச்சுக்குப் போனது. அம்மை பரவுற மாதிரித்தான். அப்பிடி வாற மெயிலில விலாசத்தில பிழை பிடிக்க ஏலாது, ஏனெண்டா விலாசம் உண்மை, எழுதினவன்தான் வேற ஆள். மெயில் சேர்வரும் எல்லாம் சரி எண்டுதான் விடும்.

அப்ப எதைப் பாக்கிறது எண்டா, என்ன கேக்கினம் எண்டு பாக்கிறது. உண்மையான ஐடி செக்சனுக்கு உம்மட பாஸ்வேர்ட் தேவையே இல்ல, அவையள் நினைச்சா அதை மாத்திவிடலாம், அதால கேக்கிற தேவை ஒருநாளும் வராது. வீட்டுச் சொந்தக்காரன் வாடகைக்காரனிட்ட வந்து உன்ட திறப்பைத் தா, நான் பூட்டைப் பாக்கவேணும் எண்டு கேப்பானோ? இன்னொண்டு, கூகிள் ஃபோர்மின்ட அடியில கூகிள்காரனே சின்ன எழுத்தில போட்டிருக்கிறான், கூகிள் ஃபோர்ம் வழியா பாஸ்வேர்ட் குடுக்காதேங்கோ எண்டு. ஒருத்தரும் அடிக்கு இறங்கிப் பாக்கிறதில்ல. நிரப்பினதும் ‘சப்மிட்’ அடிச்சிட்டு ஓடுறம்.

கள்ள லொகின் பக்கம் எண்டா இன்னொரு நல்ல அடையாளம் இருக்கு, இது எனக்கு மிச்சம் பிடிச்சது. போனிலயோ பிரவுசரிலயோ பாஸ்வேர்டை சேவ் பண்ணி வைச்சிருப்பியள். உண்மையான பக்கத்துக்குப் போனா அது தானா நிரப்பும். அச்சு அசலா அதே மாதிரி இருக்கிற கள்ளப் பக்கத்துக்குப் போனா நிரப்பாது, ஏனெண்டா அது லோகோவைப் பாக்கிறதில்ல, விலாசத்தின்ட ஒவ்வொரு எழுத்தையும் பாக்குது. எங்கட கண்ணுக்கு ‘ஆர்’உம் ‘என்’உம் பக்கத்தில பக்கத்தில வந்தா ‘எம்’ மாதிரித் தெரியும், அதுக்குத் தெரியாது. அதால தானா வாற பாஸ்வேர்ட் ஒருநாள் வராட்டி, ஐயோ ஏதோ பழுதாப் போச்சு எண்டு கையால ரைப் பண்ணாதேங்கோ. அங்கதான் கன பேர் விழுறவை. ஓடிபி, அதான் லொகின் பண்ணேக்க வாற ஒருமுறை இலக்கம், இருக்கு எண்டும் கவலையில்லாம இருக்கேலாது, கள்ளப் பக்கம் ஓடிபியையும் கேட்டு வாங்கி அந்த நிமிசமே உண்மையான பக்கத்தில போட்டிடும். பாஸ்வேர்டுக்குப் பதிலா உங்கட போனோ கொம்பியூட்டரோ தானே உறுதிப்படுத்துற பாஸ்கீ எண்டு இப்ப வந்திருக்கிறதுதான் இதுக்குக் கொஞ்சம் பலமான பூட்டு, அது வேற விலாசத்தில வேலையே செய்யாது, கம்பஸில வசதி இருந்தா போட்டு வையும்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அதிபர். மகன் ரொறன்ரோவில, அவன்தான் எனக்கு ஜிமெயில் திறந்து தந்தவன். போன மாதம் கூகிளில இருந்து எண்டு ஒரு மெயில், உங்கட எக்கவுண்டுக்குள்ள கனடாவில இருந்து புதுசா ஒரு ஆள் நுழைஞ்சிருக்கிறார், நீங்கள் இல்லையெண்டா உடன பாருங்கோ எண்டு. மகனைக் கேட்டா தான்தான் ஏதோ பாக்கப் போனனான் எண்டுறான். அப்ப அது உண்மையான மெயில். ஆனா இப்பிடி உண்மையும் வந்தா, கள்ளம் வரேக்க நான் என்னெண்டு பிரிச்சு எடுக்கிறது? (ஒரு அதிபர், புதுக்குடியிருப்பு)

பதில்: ஐயா, நீங்கள் கேட்டதுதான் இந்த முறை வந்ததில ஆகக் கஷ்டமான கேள்வி. உண்மை மெயிலும் கள்ள மெயிலும் ஒரே மாதிரித்தான் இருக்கும், கள்ளன் உண்மையைத்தானே கொப்பி அடிக்கிறான். பிரிச்சு எடுக்கிறதில மெனக்கெடாதேங்கோ, பிரிக்காமலே தப்பலாம்.

மெயிலை மூடிப்போட்டு ஜிமெயிலுக்குள்ள மேல வலப்பக்கம் இருக்கிற உங்கட படத்தை அமத்துங்கோ. கூகிள் எக்கவுண்டை நிர்வகிக்கிற இடம் வரும், அதில பாதுகாப்பு எண்ட பகுதிக்குள்ள போனா எந்தெந்தக் கருவியில உங்கட எக்கவுண்ட் திறந்து கிடக்கு எண்டு வரிசையா இருக்கும். தெரியாத கருவி இருந்தா அங்கயே வெளியேத்தலாம், பாஸ்வேர்டையும் அங்கயே மாத்தலாம். மெயில் உண்மையெண்டா அங்க விசயம் இருக்கும், கள்ளமெண்டா அங்க ஒண்டும் இருக்காது. எப்பிடியோ மெயிலின்ட லிங்க் தேவைப்படேல்லத்தானே?

உங்களுக்கு ஒரு கதை சொல்லுறன். 2016 மார்ச் மாதம் 19ஆம் திகதி, ஹிலரி கிளின்ரனின்ட தேர்தல் பிரசாரத் தலைவர் ஜோன் பொடெஸ்டாவுக்கு இதே மாதிரி கூகிள் எண்டு ஒரு மெயில் வந்தது. உக்ரேனில இருந்து ஆரோ உங்கட பாஸ்வேர்டைப் பாவிச்சிருக்கினம், உடன மாத்துங்கோ எண்டு ஒரு பட்டனும். அவற்ற ஆக்கள் மொக்கர் இல்ல, ஐடி உதவிக்காரரிட்டக் கேட்டவை. அந்த உதவிக்காரர் ‘இது உண்மையான மெயில், உடன பாஸ்வேர்ட் மாத்தவேணும்’ எண்டு பதில் போட்டார், கூகிளின்ட சரியான விலாசத்தையும் சேத்து அனுப்பினார். தான் ‘கள்ள மெயில்’ எண்டு எழுத வெளிக்கிட்டு கை தவறி மாறி எழுதிப்போட்டன் எண்டு பிறகு சொன்னவர். என்ன நடந்தது எண்டா, அவர் குடுத்த சரியான விலாசத்தை விட்டுட்டு முதல் வந்த மெயிலில இருந்த பட்டனையே அமத்திச்சினம். ஒக்டோபரில, இரகசிய ஆவணங்களை வெளியில விடுற விக்கிலீக்ஸ் தளத்தில அந்த மெயில் எல்லாம் உலகத்துக்கே வாசிக்கக் கிடைச்சுது. அந்த உதவிக்காரரின்ட பதில் பிழையா இருந்தாலும், அவர் காட்டின வழியால போயிருந்தா ஒண்டும் நடந்திருக்காது ஐயா. அதைத்தான் சொல்லுறன்.

மகனிட்டச் சொல்லுங்கோ, உள்ள போக முன்னம் ஒரு கோல் எடு எண்டு. அந்தச் சாட்டிலயாவது எடுப்பான்.

கேள்வி: ‘வட்ஸ்அப் சப்போர்ட்’ எண்டு மெசேஜ் வந்து ஆறு இலக்கம் கேக்கினம், குடுக்கலாமோ? (விசுவமடு)

பதில்: குடுக்க வேண்டாம். அது உங்கட வட்ஸ்அப்பை அவன்ட போனில திறக்கிறதுக்கான திறப்பு. தெரிஞ்ச ஆளின்ட நம்பரில இருந்து ‘அண்ணை, மாறி உங்களுக்கு ஒரு நம்பர் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ’ எண்டு வந்தாலும் குடுக்க வேண்டாம், அந்தாளின்ட வட்ஸ்அப் ஏற்கனவே போயிருக்கும். செற்றிங்ஸில இருபடிச் சரிபார்ப்பு எண்டு இருக்கு, ஒரு பின் நம்பர் போட்டு விடுங்கோ, இண்டைக்கே.

கேள்வி: நான்தான் அந்த ஐடி பொடியன் அண்ணை! ஒரு கந்தோரில கணினிப் பிரிவில இருக்கிறன். உண்மையா நான் அனுப்புற மெயிலை ஒருத்தரும் நம்புறதில்ல, ஆனா கள்ளன் அனுப்புறதை வரிசையில நிண்டு அமத்தினம். நான் என்னதான் செய்யிறது? (வவுனியா)

பதில்: தம்பி, சிரிக்காம எழுதவேணும் எண்டு பாக்கிறன். கோவிக்காதையும், பிழை கொஞ்சம் உம்மட பக்கமும் இருக்கு. நீர் கடைசியா அனுப்பின மெயிலை எடுத்துப் பாரும். ‘அவசரம்’ எண்டு தலைப்பு, ‘கீழுள்ள இணைப்பை அழுத்தவும்’, ‘தவறினால் கணக்கு முடக்கப்படும்’, கீழ பேர் இல்லாம ‘நிர்வாகி’ எண்டு கையொப்பம். அப்பிடித்தானே? கள்ளன் எழுதுற மாதிரியே எழுதிப்போட்டு என்னை நம்புங்கோ எண்டா என்னெண்டு நம்புறது. நீர் அப்பிடி எழுதி எழுதி ஆக்களைப் பழக்கினபடியாத்தான் கள்ளன்ட வேலை சுகமாப் போகுது.

லிங்க் போடாதையும். ‘நீங்கள் வழமையா போற பக்கத்துக்குப் போங்கோ’ எண்டு மட்டும் எழுதும். மெயில் அனுப்ப ஒரு நாள் முந்தி அறிவித்தல் பலகையில ஒரு துண்டு ஒட்டும், காலமைக் கூட்டத்தில ஒரு வசனம் சொல்லும், ‘நாளைக்கு என்னட்ட இருந்து ஒரு மெயில் வரும், அதில பாஸ்வேர்ட் கேக்க மாட்டன்’ எண்டு. உம்மட சொந்தப் பேரைப் போடும், எல்லாருக்கும் மனப்பாடமான உள் இலக்கத்தைப் போடும். வெளிக் கொம்பனி ஒண்டு வந்து கருத்துக்கணிப்போ மாற்றமோ செய்யப்போகுது எண்டா அதை முன்னமே சொல்லும், வேற விலாசத்தில இருந்து வந்தா ஆக்கள் குப்பையில போடுறது சரிதானே, அவையளைப் பேச ஏலாது. மூண்டு மாதத்துக்கு ஒருக்கா எல்லாரையும் பாஸ்வேர்ட் மாத்து எண்டு உயிரை எடுக்கிற பழக்கத்தையும் மேலிடத்தோட கதைச்சு விடப் பாரும். அமெரிக்காவின்ட நிஸ்ட் எண்ட அரச தரநிர்ணய நிறுவனம் 2017இலயே சொல்லிப்போட்டுது காரணம் இல்லாம காலத்துக்குக் காலம் மாத்த வைக்காதேங்கோ எண்டு. நெடுக மாத்தச் சொல்லுறபடியாத்தான் ‘பாஸ்வேர்ட் காலாவதி’ எண்டு வாற கள்ள மெயில் எடுபடுது.

சில இடங்களில ஐடிக்காரர் தாங்களே கள்ள மெயில் மாதிரி அனுப்பி சோதனை வைக்கினம். வைக்கலாம், ஆனா மனிசத்தன்மையோட வைக்கவேணும். 2020 டிசம்பரில அமெரிக்காவில இணைய விலாசம் (டொமைன்) விக்கிற ஒரு பெரிய கொம்பனி, கொரோனாவில எல்லாரும் நொந்து கிடக்கேக்க 650 டொலர் போனஸ் எண்டு சோதனை மெயில் அனுப்பி, பேந்து மன்னிப்புக் கேக்கவேண்டி வந்தது. அமத்தின ஆளைக் கூட்டத்தில எழுப்பி நிப்பாட்டி வெக்கப்படுத்தினீர் எண்டா அடுத்த முறை அந்தாள் உண்மையாவே ஏமாந்தாலும் உம்மட்டச் சொல்லாது. மறைக்கும். அது உமக்குத்தான் கரைச்சல்.

ஓ, இன்னொண்டு. மெயிலை மட்டும் யோசிக்காதையும், கோலும் வரும். 2020 ஜூலை 15 ருவிட்டரில ஒபாமா, பைடன், இலோன் மஸ்க் எண்டு பெரிய தலையளின்ட எக்கவுண்டில எல்லாம் பிட்கொயின் கேட்டு எழுதினாங்களே, அது என்னெண்டு நடந்தது? ருவிட்டர் ஊழியருக்கு ‘நாங்கள் ஐடி ஹெல்ப்டெஸ்க், உங்கட விபிஎன் பிரச்சினையைத் தீர்க்க எடுக்கிறம்’ எண்டு கோல் எடுத்துத்தான். விபிஎன் எண்டா வெளியில இருந்து கந்தோர் வலையமைப்புக்குள்ள போற பாதுகாப்பான வழி. வீட்டில இருந்து வேலை செய்த காலம், எல்லாருக்கும் விபிஎன் பிரச்சினை இருந்தது, அதால நம்பிட்டினம். பிடிபட்டதில ஒருத்தன் 17 வயசுப் பொடியன். அதால உம்மட ஆக்களுக்குச் சொல்லி வையும், நீர் கோல் எடுத்தாலும் அவையள் வைச்சிட்டுத் திருப்பி உம்மட உள் இலக்கத்துக்கு எடுக்கலாம், நீர் கோவிக்க மாட்டீர் எண்டு. எனிடெஸ்க் மாதிரி தூரத்தில இருந்து கொம்பியூட்டரைப் பிடிக்கிற சாமானும் அப்பிடித்தான். நானா உதவி கேட்டு நீர் வந்தா சரி, நான் கேக்காம ‘உங்கட கொம்பியூட்டரில வைரஸ்’ எண்டு ஆரும் வந்தா கதவே திறக்கப்படாது.

கேள்வி: மாங்குளம் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில கணக்காளரா இருக்கிறன். மெயில் திறந்து பாஸ்வேர்டும் குடுத்து, பிறகுதான் சந்தேகம் வந்தது. ரெண்டு நாளா நித்திரை இல்ல. பணிப்பாளருக்குச் சொல்லேல்ல. இனி என்ன செய்யிறது? (பேர் வேண்டாம்)

பதில்: அக்கா, ரெண்டு நாள் ஓடிட்டுது, இனி ஒரு மணித்தியாலமும் ஓட விடாதேங்கோ. வேற ஒரு கொம்பியூட்டரிலயோ போனிலயோ போய் பாஸ்வேர்டை மாத்துங்கோ, மாத்தேக்க எல்லாக் கருவியில இருந்தும் வெளியேத்துற தெரிவு இருக்கும், அதை விடாமக் குடுங்கோ. பாஸ்வேர்ட் மாத்தினாலும் ஏற்கனவே உள்ள இருக்கிறவன் சில நேரம் உள்ளயே இருப்பான். அதே பாஸ்வேர்டை வேற எங்க எல்லாம் போட்டிருக்கிறியளோ, பேஸ்புக், வங்கி, எல்லாத்தையும் மாத்துங்கோ.

பிறகு கன பேருக்குத் தெரியாத ஒரு இடம் இருக்கு. மெயில் செற்றிங்ஸுக்குள்ள ‘ஃபோர்வேர்டிங்’ எண்டும் ‘ஃபில்டர்’ எண்டும் இருக்கும். கள்ளன் உள்ள வந்தா முதல் செய்யிற வேலை, உங்களுக்கு வாற மெயிலின்ட பிரதி தனக்கும் வாற மாதிரியும், வங்கி எண்ட சொல் உள்ள மெயில் உங்கட கண்ணில படாம ஒளியிற மாதிரியும் அங்க ஒரு வாய்க்கால் வெட்டி வைக்கிறது. பாஸ்வேர்ட் மாத்தினாலும் அந்த வாய்க்கால் ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் வெட்டாதது எது இருந்தாலும் மூடுங்கோ. மீட்பு போன் நம்பரும் மீட்பு மெயிலும் உங்கடதுதானோ எண்டும் பாருங்கோ.

நீங்கள் கணக்காளர் எண்டபடியாத்தான் எனக்குப் பயம். உங்கட எக்கவுண்டில இருந்து காசு குடுக்கவேண்டிய ஆக்களுக்கு ‘எங்கட வங்கிக் கணக்கு இலக்கம் மாறிட்டுது’ எண்டு மெயில் போகலாம், இல்லாட்டி உங்களுக்குச் சாமான் தாற கடைக்காரன் மாதிரி உங்களுக்கே வரலாம். அதால பணிப்பாளருக்கு இண்டைக்கே சொல்லத்தான் வேணும். பேச்சு விழும்தான், ஆனா காசு போனாப் பிறகு விழுற பேச்சு வேற. வங்கிக்கும் சொல்லுங்கோ, வங்கி அட்டையின்ட பின்பக்கத்தில இருக்கிற நம்பருக்கு எடுங்கோ, கூகிளில தேடி வாற நம்பருக்கு எடுக்காதேங்கோ. இலங்கை சேர்ட் எண்டு 2006இல இருந்து இதுக்கெண்டே ஒரு அரச நிறுவனம் இருக்கு, 101க்கு எடுத்துச் சொல்லலாம். காசு போயிருந்தா பொலிசிலயும் போடுங்கோ, 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டம் இருக்கு, ஆரின்டையோ எக்கவுண்டுக்குள்ள அனுமதியில்லாம பூருறதே குற்றம்தான். அந்த மெயிலை அழிச்சுப்போடாதேங்கோ, கோவத்தில அழிச்சிட்டு வந்து அத்தாட்சி இல்ல எண்டு நிக்கிறவை கனக்க.

கேள்வி: பிரவுசரில விலாசத்துக்குப் பக்கத்தில பூட்டுப் படம் இருந்தா பாதுகாப்பான பக்கம் எண்டு டியூசனில சொல்லித் தந்தவை. சரியோ? (ஏ.எல். மாணவி, மல்லாவி)

பதில்: அது பழைய பாடம் பிள்ளை. பூட்டு இருந்தா நீங்கள் அனுப்புறதை இடையில ஒருத்தரும் வாசிக்கேலாது எண்டு மட்டும்தான் அர்த்தம், மற்ற முனையில இருக்கிறது கள்ளனோ நல்லவனோ எண்டு அது சொல்லாது. கள்ளனும் காசில்லாம பூட்டு எடுக்கலாம். ஆக்கள் பிழையா விளங்குகினம் எண்டுதான் 2023 செப்டம்பரில குரோம் பிரவுசர் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. சேருக்கு இந்தப் பக்கத்தைக் காட்டுங்கோ, மரியாதையா.

கேள்வி: இவ்வளவு கரைச்சல் ஏன், ஐடி எண்டு வாற மெயில் எல்லாத்தையும் வாசிக்காமலே அழிச்சா என்ன? (ஒட்டுசுட்டான்)

பதில்: அழிச்சுப் பாத்தனான். முந்தி வேலை செய்த ஒரு இடத்தில மெயில் எல்லாம் புது சேர்வருக்கு மாத்தப்போறம், இன்ன திகதிக்கு முன்னம் பழையதை எடுத்து வையுங்கோ எண்டு மூண்டு தரம் மெயில் வந்தது. தமிழ் சரியில்ல, கண்ட விலாசம், அவசரம் எண்டு வேற போட்டிருந்தது. நான் பெரிய கெட்டிக்காரன் எண்டு மூண்டையும் அழிச்சுப்போட்டு பக்கத்தில இருந்தவைக்கும் ‘உது கள்ளம், அழியுங்கோ’ எண்டு வகுப்பு எடுத்தனான். அது உண்மை. ஆறு வருச மெயில் போச்சு, என்ட பேச்சைக் கேட்ட நாலு பேரின்டையும் சேத்து. ஐடி அறை எங்கட அறையில இருந்து பதினைஞ்சு அடி தூரம், எழும்பிப் போய் ஒருக்கா கேட்டிருக்கலாம். அந்த நாலு பேரில ஒராள் இண்டைக்கும் என்னோட கதைக்கிறதில்ல.